2005க்கு ஏழு படி, 2006க்கு ஒரே படி

ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எழுதுங்கள். 1111, 7777 போல நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

இப்போது அந்த நான்கு இலக்கங்களையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி ஓர் எண் எழுதுங்கள். பிறகு அதே இலக்கங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி இன்னோர் எண் எழுதுங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். கிடைக்கும் விடையை வைத்து மீண்டும் இதையே செய்யுங்கள்.

சிங்கப்பூர் தனி நாடான 1965ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம்.

9651 − 1569 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

இன்னொரு முறை செய்தால் என்ன வரும்? 7641 − 1467 = 6174. மறுபடியும் அதே எண். இனி எத்தனை முறை செய்தாலும் 6174ஐ விட்டு நகர முடியாது.

இதில் வியப்பு 1965 அல்ல. நீங்கள் எழுதி வைத்த எண்ணும் இதே இடத்துக்குத்தான் வரும். அதிகபட்சம் ஏழு படிகள். எட்டாவது படி எந்த எண்ணுக்கும் தேவைப்படாது.

ஒரே ஒரு கவனம் வேண்டும். கழித்த விடை மூன்று இலக்கமாக வந்தால் முன்னால் ஒரு சுழியத்தைச் சேர்த்து நான்கு இலக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 2111ஐ எடுத்தால் 2111 − 1112 = 0999. அந்தச் சுழியத்தை விட்டுவிட்டால் 999 − 999 என்று ஆகி எல்லாம் முடிந்துவிடும். விடாமல் வைத்தால் 9990 − 0999 = 8991 என்று பயணம் தொடரும்.

பிறந்த ஆண்டும் படிகளும்

இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர் பிறந்திருக்கக்கூடிய ஆண்டுகளை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 6174ஐ அடைய எத்தனை படிகள் என்பது இதோ:

2004 – இரண்டு
2005 – ஏழு
2006 – ஒன்று
2007 – ஐந்து
2008 – ஆறு
2009 – மூன்று
2010 – மூன்று
2011 – நான்கு
2012 – மூன்று

2005இல் பிறந்த நான் 5175, 5994, 5355, 1998, 8082, 8532 என்று ஆறு நிறுத்தங்களில் நின்றுதான் 6174க்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு ஓர் ஆண்டு இளையவர்களோ 6200 − 0026 = 6174 என்று ஒரே தாவலில் போய்விடுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையில் ஏன் இவ்வளவு வேறுபாடு? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் மையம்.

தேவ்லாலியின் பள்ளி ஆசிரியர்

6174இன் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். 1905இல் இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள தகாணுவில் பிறந்தவர். புனே நகரின் பெர்குசன் கல்லூரியில் படித்து 1929இல் இளநிலைப் பட்டம் பெற்றார். மேற்படிப்பு இல்லை. 1930 முதல் 1962இல் ஓய்வு பெறும் வரை நாசிக் அருகே தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். எண்களோடு விளையாடுவது அவருக்கு ஓய்வுநேர வேலை.

6174 பற்றி அவர் முதலில் அறிவித்தது 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். 1955இல் ‘ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகா’ என்ற ஆய்விதழில் அது கட்டுரையாக வந்தது. இந்தியக் கணித வட்டாரத்தில் சிலர் அவருடைய ஆய்வுகளைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கினர். 1975இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் தம்முடைய கணிதப் பகுதியில் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. அப்போது அவருக்கு 70 வயது. 1986இல் காலமானார். இன்று 6174க்குக் ‘கப்ரேக்கர் மாறிலி’ என்று பெயர்.

9,990 எண்களும் 54 வழிகளும்

0001 போன்றவற்றையும் சேர்த்தால் நான்கு இலக்க வரிசைகள் மொத்தம் 10,000. ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் பத்தை நீக்கினால் 9,990. ‘பைத்தான்’ மொழியில் பத்துப் பதினைந்து வரிகள் எழுதினால் கணினி கண் இமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் சோதித்துவிடும். நானும் செய்து பார்த்தேன். எல்லாமே 6174க்கு வந்து சேர்கின்றன. மூன்று படிகளில் வருபவைதான் அதிகம்: 2,400 எண்கள். 2005ஐப் போல ஏழு படிகளும் ஏறி வருபவை 2,184.

ஆனால், கணினி ‘ஆமாம்’ என்று சொன்னதே தவிர ‘ஏன்’ என்று சொல்லவில்லை. அதற்கு உயர்நிலைப் பள்ளியில் படித்த இயற்கணிதமே போதும்.

நான்கு இலக்கங்களையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி க, ச, த, ப என்று பெயரிடுவோம். பெரிய எண்ணின் மதிப்பு 1000க + 100ச + 10த + ப. சிறிய எண்ணின் மதிப்பு 1000ப + 100த + 10ச + க. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பது:

999(க − ப) + 90(ச − த)

இந்த வரியைச் சற்று நேரம் பாருங்கள். நான்கு இலக்கங்கள் இருந்தும் விடையை முடிவு செய்பவை இரண்டே இரண்டு இடைவெளிகள். ஓரத்தில் இருக்கும் இரண்டு இலக்கங்களுக்கு இடையே உள்ள வெளி இடைவெளி ஒன்று. நடுவில் இருக்கும் இரண்டுக்கும் இடையே உள்ள உள் இடைவெளி மற்றொன்று. இலக்கங்கள் எவை என்பது விடைக்குத் தேவையே இல்லை.

வெளி இடைவெளி 1 முதல் 9 வரை இருக்கலாம். உள் இடைவெளி 0இல் தொடங்கி வெளி இடைவெளி வரை மட்டுமே இருக்கலாம். வெளி 1 என்றால் உள்ளுக்கு 2 வாய்ப்புகள், வெளி 2 என்றால் 3 வாய்ப்புகள், இப்படியே வெளி 9 என்றால் 10 வாய்ப்புகள். 2 + 3 + … + 10 = 54.

அதாவது, எந்த எண்ணில் தொடங்கினாலும் முதல் கழித்தல் முடிந்ததும் நாம் 54 எண்களில் ஒன்றில்தான் நிற்போம். அந்த 54இலும் சில, ஒரே இலக்கங்கள் இடம் மாறி நிற்பவை. 4176, 6174 இரண்டுக்கும் இலக்கங்கள் ஒன்றே. அடுத்த படியில் எப்படியும் அடுக்கத்தானே போகிறோம்? அவற்றை ஒன்றாக எண்ணினால் 30 வகைகளே மிஞ்சும். 9,990 எண்களைச் சோதிக்கக் கணினி தேவை. 30ஐச் சோதிக்க ஒரு சனிக்கிழமை காலை போதும்.

இப்போது 2005, 2006 புதிருக்கு வருவோம். 2006இன் இலக்கங்கள் 6, 2, 0, 0. வெளி இடைவெளி 6, உள் இடைவெளி 2. 999 × 6 + 90 × 2 = 6174. முடிந்தது கதை. 2005இல் வெளி இடைவெளி 5 ஆகிவிடுகிறது. விடை 5175. அது போகும் பாதையே வேறு.

6174 ஏன் நகர்வதில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. அதன் இலக்கங்களை அடுக்கினால் 7, 6, 4, 1. வெளி இடைவெளி 7 − 1 = 6. உள் இடைவெளி 6 − 4 = 2. 6174ஐ உருவாக்கும் அதே 6, 2 என்ற இடைவெளிகள்தான் அதற்குள்ளேயும் இருக்கின்றன. 54 எண்களில் இப்படித் தன்னையே உருவாக்கிக்கொள்வது இது ஒன்றுதான்.

‘இது தேர்வில் வருமா?’

நான் வாரந்தோறும் துணைப்பாடம் சொல்லித்தரும் உயர்நிலை இரண்டு மாணவி ஒருவரிடம் இதைக் காட்டினேன். “அக்கா, இது தேர்வில் வருமா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வராது என்றேன். ஆனாலும் தம் பிறந்த ஆண்டு, தம்பியின் பிறந்த ஆண்டு என்று நான்கைந்து எண்களைப் போட்டுப் பார்த்தார். க, ச, த, ப கணக்கையும் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: “மூன்று இலக்கம் என்றால் என்ன ஆகும்?”

முதல் கேள்வி என் மாணவியுடையது மட்டுமன்று. நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த கேள்வி அது. இரண்டாவது கேள்வியில்தான் கணிதம் தொடங்குகிறது. அதற்கான விடையை அன்றே இருவரும் சேர்ந்து எழுதினோம். நீங்களும் எழுதிப் பார்க்கலாம்.

மூன்று இலக்கங்களை அடுக்கிக் கழித்தால் நடு இலக்கம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 99 × (பெரிய இலக்கம் − சிறிய இலக்கம்). அதனால், முதல் படிக்குப் பிறகு ஒன்பது விடைகளே வர முடியும்: 099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891.

099இல் தொடங்குங்கள். 990 − 099 = 891. பிறகு 981 − 189 = 792. பிறகு 972 − 279 = 693. பிறகு 963 − 369 = 594. பிறகு 954 − 459 = 495. அடுத்த முறையும் 495. மிஞ்சியுள்ள 198, 297, 396 மூன்றும் 891, 792, 693 ஆகியவற்றின் இலக்கங்களையே கொண்டவை என்பதால் அவையும் இதே பாதையில் சேர்ந்துவிடும். ஆகவே, ஒரே இலக்கம் மூன்று முறை வராத எல்லா மூன்று இலக்க எண்களும் 495க்குத்தான் போகும்.

இது வெறும் எடுத்துக்காட்டு அன்று, முழு நிரூபணம். ஒன்பது வாய்ப்புகளையும் பார்த்துவிட்டதால் விட்டுப்போனது எதுவும் இல்லை.

மற்ற இலக்கங்களில் என்ன நடக்கும்?

எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் எண் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இரண்டு இலக்கங்களில் 09, 81, 63, 27, 45 என்று சுற்றி மீண்டும் 09க்கே வந்துவிடும். நிற்கும் இடம் என்று ஒன்று இல்லை.

ஐந்து இலக்கங்களிலும் அப்படித்தான். அங்கே மூன்று சுழற்சிகள் உள்ளன. அவற்றில் மிகச் சிறியது 53955, 59994 என்ற இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருப்பது. 95553 − 35559 = 59994. 99954 − 45999 = 53955. மற்ற இரண்டு சுழற்சிகளிலும் நான்கு நான்கு எண்கள். இப்படிப் பார்க்கும்போது 6174இன் தனித்தன்மை இன்னும் தெளிவாகிறது.

ஹார்டியின் மறுப்பு

எல்லாம் சரி, இது உண்மையான கணிதமா? இந்தக் கேள்வியை எழுப்பக்கூடிய ஒருவர் உண்டு. இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்ற ஜி.எச். ஹார்டி. 1940இல் வெளிவந்த ‘எ மேத்தமேட்டிஷியன்ஸ் அப்பாலஜி’ என்ற நூலில் அவர் 8712, 9801 என்ற எண்களைக் குறிப்பிடுகிறார். 8712 என்பது 2178இன் நான்கு மடங்கு. 9801 என்பது 1089இன் ஒன்பது மடங்கு. இலக்கங்கள் அப்படியே திரும்பி நிற்கின்றன. புதிர்ப் பக்கங்களுக்கு இவை பொருத்தம், ஆனால் கணித அறிஞரைக் கவர இவற்றில் எதுவும் இல்லை என்பது அவருடைய கருத்து. 6174ஐப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1729ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1 + 1728 என்றும் 729 + 1000 என்றும், இரண்டு முப்படிகளின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் சொன்னது பலருக்கும் தெரியும். எண்களை நாம் எந்த முறையில் எழுதினாலும் அந்த உண்மை மாறாது. 6174 அப்படியன்று. நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வந்த குணம் இது. எட்டு எட்டாக எண்ணும் முறையில் இதே எண்ணை 14036 என்று எழுத வேண்டும். அது நான்கு இலக்க எண்ணே அன்று. மனிதருக்கு எட்டு விரல்கள் மட்டும் இருந்திருந்தால் 6174க்கு இந்தப் புகழ் கிடைத்திருக்காது.

எந்த முறையில் எழுதினாலும் மாறாத குணங்களும் 6174க்கு உண்டு. அது 2 × 3 × 3 × 7 × 7 × 7. அது 18, 18இன் இருபடி, 18இன் முப்படி மூன்றின் கூட்டல்: 18 + 324 + 5832. இவை அழகுதான். ஆனால், இவற்றால் 6174 புகழ்பெறவில்லை.

என்றாலும் ஹார்டியோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. 6174 என்ற விடை பத்து விரல்களால் வந்திருக்கலாம். ஆனால், அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி விரல்களைச் சார்ந்ததன்று. ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் இறுதியில் எங்கே போய் நிற்போம்?

ஒரே ஆண்டு, ஒரே வகைக் கேள்வி

கப்ரேக்கர் சென்னையில் பேசிய அதே 1949இல், அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஜான் வான் நியூமன் வேறொரு விதியைப் பற்றிப் பேசினார். கணினிக்குத் தற்செயல் எண்கள் தேவைப்பட்டன. ஓர் எண்ணை எடுத்து, இருபடியாக்கி, நடுவில் உள்ள இலக்கங்களை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்வது அந்த விதி. இங்கே எண்கள் ஒரே இடத்தில் போய்ச் சிக்கினால் ஆபத்து. தற்செயல் என்பதே போய்விடும்.

நான்கு இலக்கங்களில் அது சிக்கவே செய்கிறது. 2100இன் இருபடி 04410000, நடு நான்கு இலக்கங்கள் 4100. அடுத்து 8100. அடுத்து 6100. அடுத்து மீண்டும் 2100. கப்ரேக்கருக்கு மகிழ்ச்சி தந்த அதே நிகழ்வு, வான் நியூமனுடைய முறைக்குப் பெரிய குறையாக இருந்தது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நான்கு இலக்க எண்கள் பத்தாயிரம்தான். ஒவ்வொரு படியிலும் அந்தப் பத்தாயிரத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். நடந்துகொண்டே இருந்தால் ஒருநாள் ஏற்கெனவே மிதித்த இடத்தை மிதித்தே ஆக வேண்டும். அதன்பின் வட்டம்தான். 6174 என்பது ஒரே ஓர் எண் கொண்ட வட்டம்.

எல்லை இல்லாத இடத்தில் இந்த உறுதி கிடைக்காது. இரட்டை எண் என்றால் பாதியாக்கு. ஒற்றை எண் என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் எந்த எண்ணும் இறுதியில் 1க்கு வரும் என்பது கோலாட்ஸ் கணிப்பு. விதி தொடக்கப்பள்ளி மாணவருக்கும் புரியும். கணினிகள் மிகப் பெரிய எண்கள் வரை சோதித்துவிட்டன. ஒன்றுகூடத் தவறவில்லை. இருந்தும் அது நிரூபிக்கப்படவில்லை. ஏனென்றால், முழு எண்கள் முடிவதில்லை. எத்தனை கோடி எண்களைச் சோதித்தாலும் மிச்சம் இருப்பவைதான் அதிகம்.

9,990 எண்களைச் சோதிப்பது நிரூபணம். கோடானுகோடி எண்களைச் சோதிப்பது நிரூபணமாகாது. இந்த வேறுபாட்டை எந்தப் பாடநூலையும்விட 6174தான் எனக்குத் தெளிவாகக் காட்டியது. அதுவும் நிரூபணம் ஆன பிறகும், ‘ஏன்’ என்று கேட்டதால்தான் 9,990 என்பது 54 ஆகச் சுருங்கி, 2006இன் ஒரே தாவலுக்குக் காரணமும் தெரிந்தது. விடை சரி என்று உறுதி செய்வது கணினியின் வேலையாகிவிட்ட காலத்தில் நமக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ‘ஏன்’தான்.

உங்கள் அஞ்சல் குறியீடு எங்கே போகும்?

சிங்கப்பூரில் எல்லா அஞ்சல் குறியீடுகளும் ஆறு இலக்கங்கள். ஆறு இலக்கங்களில் இதே விளையாட்டுக்கு மூன்று முடிவுகள் உண்டு. 549945 என்ற எண்ணில் நிற்கலாம். 631764 என்ற எண்ணில் நிற்கலாம். அல்லது 420876, 851742, 750843, 840852, 860832, 862632, 642654 என்ற ஏழு எண்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

உங்கள் வீட்டுக் குறியீட்டை எழுதி, அடுக்கி, கழித்துப் பாருங்கள். முன்னால் வரும் சுழியத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீடு நிற்கிறதா, சுற்றுகிறதா என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டாம். உங்கள் பள்ளியின் குறியீடு, தோழியின் வீட்டுக் குறியீடு என்று இன்னும் சிலவற்றைப் போட்டுப் பாருங்கள். மூன்றில் எந்த முடிவு அதிகமாக வருகிறது, ஏன் என்று யோசியுங்கள். இந்த முறை இடைவெளிகள் இரண்டு அல்ல, மூன்று.